கரண்டோடு (கதிர் சிகிச்சையோடு) சிஸ்பிளாட்டின்: வாரா வாரம் 40-ஆ, மூணு வாரத்துக்கு ஒருமுறை 100-ஆ?

#1 வார்டு_ஃபார்மசி

எல்லாருக்கும் வணக்கம். தலை, கழுத்துப் புற்றுக்கு ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுக்கிற கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குச் சீட்டு மூணு விதமா வருது. உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு வாரம் 30 மி.கி., வாரம் 40 மி.கி., இல்லைன்னா 1, 22, 43-ஆம் நாள்களில் 100 மி.கி. ஒரே யூனிட்டில் மூணும் ஓடுது. யாருக்கு எது, எந்த ஆதாரத்தில்? மருந்து கலக்கும் முன்னாடி ஃபார்மசி தரப்பில் எதையெல்லாம் பார்த்துட்டு விடணும்? ஒரு டோஸ் தவறிப்போனா அடுத்த வாரம் சேர்த்துக் கொடுக்கலாமா? கதிர்வீச்சுப் பிரிவு, கீமோ பிரிவு, நர்சிங், பிசிக்ஸ் எல்லாப் பக்கமிருந்தும் பதில் வந்தா நல்லா இருக்கும்.

#2 கதிர்_மருத்துவர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குறேன். தவறிய டோஸைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகம் தாங்காது, காதும் போகும்.

இங்கே சிஸ்பிளாட்டின் தனியா நின்னு கட்டியைக் கொல்ல வரலை. கதிர் உடைக்கிற டி.என்.ஏ.வைப் புற்று செல் ஒட்டவைக்காம தடுக்கிறதுதான் அதன் முதல் வேலை. பிளாட்டினம் இழைகளுக்குக் குறுக்கே பாலம் போட்டு உட்கார்ந்துக்கும். பழுதுபார்க்கிற புரதங்கள் அந்த இடத்தில் முட்டி நிக்கும், மத்தபடி ஆறியிருக்கக்கூடிய உடைப்பு ஆறாம செல் சாகும். அதனால கதிர் ஒழுங்கா போனாத்தான் மருந்துக்கு அர்த்தம் உண்டு.

லாபம் எவ்வளவுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிய மேக்-என்சி தொகுப்பில், கதிரோடு சேர்த்துக் கொடுத்த கீமோவால் 5 ஆண்டு உயிர்வாழ்வு 6.5 சதவீதப் புள்ளி கூடியது. வயசு ஏற ஏற அந்த லாபம் தேய்ஞ்சு, 70-க்கு மேல காணாமப் போகுது. 74 வயசுக்காரருக்கு வழக்கம்னு சொல்லி சிஸ்பிளாட்டின் எழுதுறதுக்கு முன்னாடி இதை நினைக்கணும்.

அளவுன்னு பார்த்தா, மொத்தம் சதுர மீட்டருக்கு 200 மி.கி. எட்டணும். வாரம் 40 வீதம் அஞ்சு வாரம் போனாலே எட்டிடும். 100 வீதம் ரெண்டு டோஸ். என் தேர்வு வாரம் 40. வாரம் 30-ஐ விட்டுடலாம்.

#3 கீமோ_பிரிவு

மன்னிக்கணும், இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நம்ம நாட்டு நோயாளிகளிடமே செஞ்ச ஆய்வு இருக்கு. மும்பை டாடா மெமோரியலில் 300 பேர், 2018-ல் வெளியானது. வாரம் 30-க்கும் மூணு வாரம் 100-க்கும் ஒப்பீடு. ரெண்டு ஆண்டில் நோய் அதே இடத்தில் கட்டுக்குள் இருந்தது வாரக் குழுவில் 58.5 சதவீதம், 100 மி.கி. குழுவில் 73.1 சதவீதம். பக்கவிளைவு 100-ல் அதிகம்தான். கடுமையான தொல்லை 84.6 சதவீதம் பேருக்கு, வாரக் குழுவில் 71.6. ஆனா கட்டுப்பாட்டில் 14 புள்ளி வித்தியாசத்தைச் சும்மா தள்ள முடியாது. சிறுநீரகமும் காதும் நல்லா இருக்கிற, 50 வயசுக்குட்பட்ட, கூடவே ஆள் இருக்கிற நோயாளிக்கு நான் 100-தான் எழுதுவேன்.

#4 கதிர்_மருத்துவர்

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனா அது தோற்கடிச்சது 30-ஐ, 40-ஐ அல்ல. அதில் 93 சதவீதம் பேர் ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க. ஆறு வார கதிருக்கு வாரம் 30-ன்னா எல்லா டோஸும் போனாக்கூட 180-தான், 200-ஐத் தொடவே தொடாது.

40-ஐ நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தது ஜப்பானின் ஜேகாக் 1008. ஆபரேஷனுக்குப் பின், ஓரத்தில் நோய் மிச்சமிருந்த அல்லது நெறிக்கட்டி உறையைத் தாண்டின 261 பேர். மூணு ஆண்டு உயிர்வாழ்வு வாரம் 40-ல் 71.6 சதவீதம், 100-ல் 59.1. வாரம் 40 பின்தங்கலைன்னு நிரூபிக்கத்தான் அதைத் தொடங்கினாங்க, அதுக்கும் மேலேயே வந்துடுச்சு. ஆபரேஷன் இல்லாம நேரடியா கதிருக்கு வர்றவங்களுக்கு இந்தியாவில் நடந்த கான்செர்ட் ஆய்வும் 40 பின்தங்கலைன்னே சொல்லுது.

100 எழுதக் கூடாதுன்னு நான் சொல்லலை. எழுதினா மூணாவது டோஸ் வரைக்கும் போக வழி இருக்கான்னு முதல் நாளே பாருங்க. வாரக் கணக்கில் இருக்கிற பெரிய வசதி வேற: மூணாவது வாரம் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டா ரத்தத்தில் ஏறுகிற கழிவு) ஏறினா அந்த வாரத்தை மட்டும் நிறுத்தலாம். 100 கொடுத்து நாலாம் நாள் ஏறினா, கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

#5 கீமோ_பிரிவு

40-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாட்டை ஒத்துக்கறேன். பழைய பழக்கத்தில் 30 எழுதிக்கிட்டு அதை "வாராந்திர முறை"ன்னு ஒரே பேரில் சொல்றதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஃபார்மசியில் 30 சீட்டு வந்தா திருப்பிக் கேளுங்க.

#6 பிஜி_இரண்டாமாண்டு

சார், ஒரு சந்தேகம். சிஸ்பிளாட்டின் ஏறி எவ்வளவு நேரத்தில் கதிர் வைக்கணும்? டிரிப் முடிய மதியம் ஆயிடுது, மெஷின் ஸ்லாட் காலையில். முதலில் கதிர், பிறகு மருந்துன்னா வேலை செய்யாதா?

#7 கதிர்_மருத்துவர்

மணிக்கணக்குக்காக அலைய வேண்டாம் தம்பி. பிளாட்டினம் டி.என்.ஏ.வில் போட்ட பாலம் நாள்கணக்கில் நிக்கும், காலையில் கதிர் முடிச்சுட்டு டிரிப் ஏத்தினாலும் மறுநாள் கதிருக்கு அது அங்கேயே இருக்கும். கிழமைதான் பார்க்கணும். திங்கள், செவ்வாயில் கொடுத்தா அந்த வாரம் மூணு நாலு கதிராவது மருந்தோட துணையில் போகும். வெள்ளிக்கிழமை கொடுத்தா பின்னாடியே ரெண்டு நாள் லீவு.

இதே காரணத்தால் ரெண்டு விதி. மெஷின் பழுதாகி அந்த வாரம் கதிர் இல்லைன்னா சிஸ்பிளாட்டினும் இல்லை. கதிர் முடிஞ்ச பிறகு "ஒரு டோஸ் பாக்கி இருக்கே"ன்னு கொடுக்கிறதும் இல்லை. அந்த மருந்து கூர்மையாக்க அப்போ அங்கே கதிரே இருக்காது.

#8 டேகேர்_சிஸ்டர்

நர்சிங் பக்கத்திலிருந்து எழுதறேன். வாரம் 40-க்கு எங்க வழக்கம்: நார்மல் சலைன் 1 லிட்டரில் பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்ப்யூல் (10 மி.லி., 20 மில்லி ஈக்விவலன்ட்), மெக்னீசியம் சல்ஃபேட் 50 சதவீத ஆம்ப்யூல் ஒண்ணு (2 மி.லி., 1 கிராம்) சேர்த்து 2 மணி நேரம். பாட்டிலில் சேர்த்ததும் நல்லா கவிழ்த்து ஆட்டணும். பொட்டாசியம் கனமானது, அடியில் தங்கிட்டா முதல் சில நிமிஷத்திலேயே மொத்தமா ஏறிடும். அதுக்கப்புறம் சிஸ்பிளாட்டின் 500 மி.லி. சலைனில் 1 மணி நேரம், பிறகு இன்னொரு 500 மி.லி. சலைன். மணிக்கு 100 மி.லி. அளவுக்குச் சிறுநீர் போகுதான்னு பார்க்கணும். "சிஸ்டர், போனேன்"னு சொன்னாப் போதாது, அளவு ஜாடியில் பிடிச்சு எழுதணும்.

சிறுநீரைக் கூட்டுகிற லாசிக்ஸ் எல்லாருக்கும் வழக்கமா போட வேண்டாம். ஏற்கெனவே தண்ணி இறங்காத ஆளை அது இன்னும் வறட்டிடும்.

வாந்தி மருந்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அப்ரிபிடன்ட் 125, 80, 80 மூணு நாள், பலோனோசெட்ரான் 0.25 மி.கி. ஊசி, டெக்ஸாமெத்தசோன், ராத்திரி ஓலான்சபின். ஓலான்சபின் 10 மி.கி. கொடுத்தா மறுநாள் கதிருக்குத் தூக்கக் கலக்கத்தோட வருவாங்க. 2.5 மி.கி.யே போதும்னு டாடா மெமோரியல் ஆய்வு 2024-ல் காட்டியிருக்கு. வாந்தியில் ஆரம்பிச்சாத் தண்ணி குறையும், தண்ணி குறைஞ்சா கிரியாட்டினின் ஏறும், அடுத்த டோஸ் நிக்கும். தவறுகிற டோஸில் பாதி இப்படித்தான் போகுது.

#9 வார்டு_ஃபார்மசி

மிக்க நன்றி சிஸ்டர். கலக்கிற பக்கத்தை நானே சேர்த்துடறேன்.

சலைனில் மட்டும்தான் கலக்கணும். டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் உள்ள பாட்டிலில் குளோரைடு இல்லாததால் மருந்து சிதையும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, மஞ்சள் தூளா படிஞ்சுடும். வெளிச்சம் படாம சுத்தி வைக்கணும். அலுமினியம் உள்ள ஊசி, செட் எதுவும் படக் கூடாது, பட்டா கறுப்பா படிவு வந்து வீரியம் போயிடும். வயலில் மி.லி.க்கு 1 மி.கி.யும் வருது, 0.5-ம் வருது. மி.லி. கணக்கில் பழக்கத்தில் உறிஞ்சினா பாதி டோஸோ இரட்டை டோஸோ போயிடும், லேபிளைப் படிச்சுட்டுத்தான் சிரிஞ்சை எடுக்கணும்.

இன்னொண்ணு கேட்கணும். கிரியாட்டினின் 1.2-ன்னு ரிப்போர்ட் வருது, லேப் "நார்மல்"னு போடுது. விடலாமா?

#10 கீமோ_பிரிவு

அதான் பெரிய பொறி. கணக்குப் போட்டே காட்டறேன்.

58 வயசு ஆண், 160 செ.மீ., முதல் நாள் 45 கிலோ, கிரியாட்டினின் 0.8. சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது (கிளியரன்ஸ்) என்கிற காக்ராஃப்ட்-கால்ட் கணக்கு: 140-லிருந்து வயசைக் கழிச்சா 82. அதை 45-ஆல் பெருக்கினா 3690. 72-ஐ 0.8-ஆல் பெருக்கினா 57.6. வகுத்தா நிமிஷத்துக்கு 64 மி.லி. கொடுக்கலாம். பரப்பளவு 1.41 சதுர மீட்டர், டோஸ் 56 மி.கி.

நாலாவது வாரம் அதே ஆள். வாய்ப் புண்ணால் சாப்பிடலை, 41 கிலோ. கிரியாட்டினின் 1.2. இப்போ 82 பெருக்கல் 41, 3362. கீழே 72 பெருக்கல் 1.2, 86.4. விடை 39. "நார்மல்" ரிப்போர்ட்டோட வந்தவரின் சிறுநீரக வேலை 40 சதவீதம் பக்கம் குறைஞ்சிருக்கு. 50-க்குக் கீழே சிஸ்பிளாட்டின் வேண்டாம். ரெண்டு நாள் சலைன் ஏத்தி, மறுபடி பார்த்து, கிளியரன்ஸ் 50-க்கு மேல வந்தா கொடுக்கலாம். பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்கணும்.

அதனால ஒவ்வொரு வாரமும் அன்றைய எடை, அன்றைய கிரியாட்டினின். நியூட்ரோஃபில் (வெள்ளணு வகை) 1,500-க்கு மேல, பிளேட்லெட் ஒரு லட்சம். "காதில் இரைச்சல் கேட்குதா"ன்னு ஒரு வரி கேளுங்க. கேட்குதுன்னா ஆடியோகிராம் எடுத்துட்டுத்தான் அடுத்தது. வலிக்கு யாராவது டைக்ளோஃபெனாக் எழுதியிருக்காங்களா, மெடிக்கல் ஷாப்பில் தானா வாங்கிச் சாப்பிடறாங்களான்னும் விசாரிக்கணும். சிஸ்பிளாட்டின் வாரத்தில் அதுவும், ஜென்டாமைசின், அமிகாசின் ஆன்டிபயாட்டிக் ஊசிகளும் சிறுநீரகத்துக்கு ரெட்டை அடி. வலிக்குப் பாராசிட்டமால், டிரமடால், தேவைன்னா மார்ஃபின்.

#11 லினாக்_பிசிக்ஸ்

இவ்வளவு நேரம் மருந்தைப் பத்தியே பேச்சு. கதிர் நாள் தவறினா என்ன ஆகும்னு ஒரு கணக்கு.

தலை, கழுத்துக் கட்டி செல்கள் சுமார் நாலு வாரத்துக்குப் பிறகு வேகமா பெருக ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வீணாகிற ஒவ்வொரு நாளும் சுமார் 0.6 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரைத் தின்னுடும்னு விதர்ஸ் 1988-ல் எழுதினார். ஒரு நாள் நீண்டா கட்டுப்பாடு சுமார் 1.4 சதவீதம் குறையும்கிறது பொதுவா எடுத்துக்கிற மதிப்பு. அஞ்சு நாள் போனா 7 சதவீதம். உயிர்வாழ்வும் கட்டுப்பாடும் ஒண்ணு இல்லைதான், இருந்தாலும் கதிர்_மருத்துவர் சொன்ன 6.5-ஐப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. கீமோவால் கிடைச்சதை ஒரு வாரம் மெஷின் நின்னதே எடுத்துட்டுப் போயிடும்.

"ரத்தம் குறைஞ்சிருக்கு, கரண்டை ஒரு வாரம் நிறுத்துங்க"ன்னு சீட்டு வரும்போது இதைத்தான் நினைக்கணும். வெள்ளணு குறைஞ்சா நிறுத்த வேண்டியது சிஸ்பிளாட்டினை. காய்ச்சலோட கடுமையா விழுந்தா மட்டும்தான் கதிரையும் யோசிக்கணும்.

பொங்கல், தீபாவளி வாரத்தில் லீவு வந்தா முன்கூட்டியே சனிக்கிழமை வெச்சு ஈடுகட்டுங்க. மெஷின் பழுதுன்னா அதே பீம் பொருந்துகிற இன்னொரு லினாக்குக்கு (கதிர் மெஷின்) அன்னைக்கே மாத்தணும். இது எதுவும் முடியலைன்னா ஒரே நாளில் ரெண்டு கதிர், நடுவில் குறைஞ்சது 6 மணி நேரம் இடைவெளி. அதுக்குக் கீழே போனா தண்டுவடம் ஆற நேரம் இருக்காது. கடைசியில் சேர்த்து ஓட்டலாம்னு தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், கதிர் வைக்கும்போது தலையை அசையாம பிடிக்கிற மாஸ்க். அந்த 45 கிலோ ஆள் 41 ஆனதும் மாஸ்குக்குள்ள தாடையும் கழுத்தும் ஆடும். கன்னத்துக்கும் மாஸ்குக்கும் நடுவில் விரல் நுழையுதுன்னா அன்னைக்கே கோன் பீம் ஸ்கேன் எடுத்து, தண்டுவடமும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியும் எங்கே நகர்ந்திருக்குன்னு பார்க்கணும். தேவைன்னா புது மாஸ்க், புது சி.டி., புது பிளான். அது வரைக்கும் பழைய பிளானை நிறுத்தாம ஓட்டலாமாங்கிறதை டாக்டரும் பிசிக்ஸும் சேர்ந்து முடிவெடுக்கணும், டெக்னீஷியன் தலையில் விடக் கூடாது.

#12 டேகேர்_சிஸ்டர்

எடை இறங்கிறதுக்கு முன்னாடியே மூக்குக்குழாய் பேச்சை எடுங்க. மூணாவது வாரம் புண் வரும்னு தெரியும்தானே. ஒரு வாரத்தில் 2 கிலோ இறங்கினா குழாய் போடறதுன்னு முதல் நாளே வீட்டாரிடம் பேசி வெச்சா, அந்த நேரத்தில் அழுகையும் மறுப்பும் குறையும். தண்ணியும் அதே குழாயில் நாளைக்கு ரெண்டரை லிட்டர் போகும், கிரியாட்டினினும் நிக்கும். வாய்க்கு வெதுவெதுப்பான உப்பு, சோடா தண்ணி: ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

#13 பிஜி_இரண்டாமாண்டு

சிஸ்பிளாட்டின் கொடுக்கவே முடியாதவங்களுக்கு? கிளியரன்ஸ் 40, காது கேட்காது, இப்படி வர்றவங்க நிறைய.

#14 கதிர்_மருத்துவர்

முதல் தேர்வு டோசிடாக்சல். சதுர மீட்டருக்கு வாரம் 15 மி.கி., அதிகபட்சம் 7 வாரம். டாடா மெமோரியலிலேயே சிஸ்பிளாட்டின் ஒத்துவராத 356 பேரிடம் செஞ்சாங்க. ரெண்டு ஆண்டு உயிர்வாழ்வு தனிக் கதிரில் 41.7 சதவீதம், டோசிடாக்சலோட 50.8. ஆனா கடுமையான வாய்ப்புண் 22 சதவீதத்திலிருந்து 50 பக்கம் போச்சு. மருந்து கட்டியை மட்டும் தேடிப் போகாது, பக்கத்துச் சவ்வையும் சேர்த்துக் கூர்மையாக்கும். குழாய் போடத் தயாரில்லாத ஆளிடம் இதைத் தொடங்காதீங்க.

மருந்தே வேண்டாம்னா வாரம் ஆறு கதிர். அஞ்சுக்குப் பதில் ஆறுன்னு சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாடுகளில் செஞ்ச ஆய்வில் 5 ஆண்டுக் கட்டுப்பாடு 30-லிருந்து 42 சதவீதமாச்சு. செலவு ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட். இதை ஏன் இவ்வளவு குறைவா பயன்படுத்தறோம்னு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

செடுக்சிமாப் 2006-ல் தனிக் கதிரை வென்றது. சிஸ்பிளாட்டினோட எதிரா நிறுத்தினதும், எச்.பி.வி. வைரஸ் உள்ள தொண்டைப் புற்றில் தோத்தது. சிஸ்பிளாட்டின் கொடுக்க முடிகிற ஆளுக்கு செடுக்சிமாப் மாற்று இல்லை.

#15 பிஜி_இரண்டாமாண்டு

நிமோரசோல் பத்திப் படிச்சேன் சார். டென்மார்க்கில் வழக்கமா கொடுக்கறாங்களாமே?

#16 லினாக்_பிசிக்ஸ்

இதை நான் சொல்லலாமா? ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ரெண்டரை, மூணு மடங்கு கதிர் வேணும். பெரிய கட்டியின் நடுப்பகுதி ரத்தம் எட்டாம மூச்சு முட்டிக் கிடக்கும். நிமோரசோல் அங்கே போய் ஆக்சிஜன் செய்கிற வேலையைச் செய்யும். நல்ல திசுவில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறதால அங்கே கூடுதல் சேதம் இல்லை. எண்ணத்தில் இதைவிட அழகான மருந்து இல்லை. டஹான்கா 5 ஆய்வில், கதிருக்கு 90 நிமிஷம் முன்னாடி மாத்திரை கொடுத்து, கட்டுப்பாடு 33-லிருந்து 49 சதவீதமாச்சு. ஆனா பிரிட்டனில் செஞ்ச நிம்ராட் ஆய்வில் பலன் தெரியலை.

இதே வரிசையில் டிராப்பசமின். ஹெட்ஸ்டார்ட் ஆய்வில் சிஸ்பிளாட்டினோட சேர்த்தும் பலன் இல்லை. ஆனா அந்த ஆய்விலிருந்து 2010-ல் வந்த இன்னொரு கட்டுரையை எல்லாரும் படிக்கணும். கதிர்த் திட்டங்களைத் தரம் பிரிச்சாங்க. ஒழுங்கான திட்டம் கிடைச்சவங்களில் ரெண்டு ஆண்டு உயிரோட இருந்தது 70 சதவீதம். பெரிய குறை இருந்த திட்டத்தில் 50. மேலே பேசின எந்த மருந்தும் இருபது புள்ளி கொடுக்கலை.

#17 கீமோ_பிரிவு

புது மருந்தான ஜெவினாபான்ட்டும் அப்படித்தான். ரெண்டாம் கட்டத்தில் பிரமாதமா வந்தது, மூணாம் கட்டம் 2024-ல் பலனில்லைன்னு நிறுத்தப்பட்டது. ஆபரேஷன் இல்லாம நேரடியா கொடுக்கிற சிஸ்பிளாட்டின் கதிரோட அவெலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்கிற இம்யூன் மருந்துகளைச் சேர்த்ததும் தோத்தது. புதுசு கேட்டு வர்ற குடும்பத்திடம் இதை நேரா சொல்லலாம். பல லட்சம் கடன் வாங்க வேண்டாம்.

#18 டேகேர்_சிஸ்டர்

எல்லா வார்டிலும் வர்ற கேள்வி: "சத்து மாத்திரை கொடுக்கலாமா?" உணவு, புரதம், தாராளமா. அதிக அளவு வைட்டமின் ஈ போன்ற மாத்திரைகள் கதிர் முடியற வரை வேண்டாம். கனடாவில் தலை, கழுத்துக் கதிரோட நாளைக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்தக் குழுவில் இறப்பு அதிகமா இருந்தது. ஹீமோகுளோபின் ஏத்த எரித்ரோபொய்டின் ஊசியும் கூடாது. 2003-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வில் ரத்தம் ஏறுச்சு, நோய் கட்டுப்படலை. புகை, புகையிலை நிறுத்தச் சொல்றதையும் மருந்துச் சீட்டு மாதிரியே ஒவ்வொரு வாரமும் சொல்லணும்.

#19 வார்டு_ஃபார்மசி

கருப்பைவாய்ப் புற்றுக்கும் வாரம் 40-தான் வருது. அதே செக்லிஸ்ட் போதுமா?

#20 கதிர்_மருத்துவர்

போதும், ஒரு டோஸுக்கு 70 மி.கி. உச்சவரம்பு சேர்த்துக்குங்க. அங்கே ஆதாரம் உறுதியானது: மூணாம் பி நிலையில் 850 பெண்களிடம் டாடா மெமோரியல் செஞ்சதில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 46-லிருந்து 54 சதவீதம். வெளிக் கதிர், உள் கதிர் ரெண்டும் சேர்ந்து 56 நாளுக்குள்ள முடியணும். கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தி கிரியாட்டினின் ஏறியிருக்கான்னு முதல்லயே ஸ்கேன் பாருங்க. அப்படின்னா டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள்ள வைக்கிற குழல்) அல்லது முதுகு வழிக் குழாய் போட்டு, இறங்கின பிறகுதான் சிஸ்பிளாட்டின். அதுக்காகக் காத்திருக்கும்போது கதிரைத் தொடங்கிடலாம்.

#21 வார்டு_ஃபார்மசி

சீட்டில் மூணு கட்டம் புதுசா அச்சடிக்கப் போறோம்: இன்றைய எடை, கணக்குப் போட்ட கிளியரன்ஸ், இதுவரை போன கதிர் எண்ணிக்கை. மூணும் நிரம்பாத சீட்டுக்கு வயலை உடைக்க மாட்டோம்.

#22 லினாக்_பிசிக்ஸ்

நாலாவதா ஒரு கட்டம் போடுங்க: "இந்த வாரம் கதிர் உண்டா?" மெஷின் நின்ன செய்தி டேகேருக்குப் போய்ச் சேருவதற்குள்ளே டிரிப் ஏறிடுது. காலை 8 மணிக்கு கன்சோலிலிருந்து ஒரு போன், அதுக்கப்புறம் மருந்து.